ஆயா வீட்டுப் பரணிலிருந்து படிப்பக அலமாரிக்கு: பழம்பொருள் சேகரிக்கும் முறை

வடசென்னையில், வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு படிப்பகத்தில் நாலு அலமாரி போட்டு, மில் தொழிலாளர், மீனவர் வீட்டுப் பொருள்களைச் சேர்த்துவைக்க நினைப்பவர்களுக்கு இது. அலமாரி வாங்கும் முன்பே, பதிவேடாக 200 பக்க பைண்டு நோட்டு ஒன்று வாங்குங்கள். தனித்தாள்களைக் கோத்த ஃபைல் வேண்டாம். அதில் ஒரு தாளை உருவினால் யாருக்கும் தெரியாது. எழுதத் தொடங்கும் முன்பே எல்லாப் பக்கத்துக்கும் எண் போட்டுவிடுங்கள்.

குறிப்பு இல்லாத பொருள் என்ன ஆகும் என்பதை ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபிச் சிற்பங்களில் பார்க்கலாம். 1845-ல் பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் தோண்டியெடுத்த பலகைகள் சென்னைக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் கிடந்து, 1859-ல் கப்பலேறி லண்டன் போயின. எந்தப் பலகை தூபியின் எந்த இடத்தில் இருந்தது என்ற குறிப்பு முழுமையாக இல்லாததால், ஆய்வாளர்கள் இன்றும் ஊகித்துத்தான் அடுக்குகிறார்கள். அதனால் பொருளைத் தொடுவதற்கு முன், அது இருக்கும் இடத்திலேயே படம் எடுங்கள்: பரண், ஆணி, டிரங்குப் பெட்டி எல்லாம் தெரிகிற மாதிரி ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து நாலு புறமும் ஒவ்வொன்று.

பிறகு கேள்விகள். யார் பயன்படுத்தியது, கைக்கு எப்படி வந்தது, வேறு யாருக்குப் பங்கு இருக்கிறது? கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். “ஆயா, இது தாத்தாவோடதுதானே? பசங்க எல்லாரும் சரின்னாங்களா?” என்று நேராகக் கேளுங்கள். ஆயா தலையாட்டினாலும், வெளியூரில் இருக்கும் மகளிடமும் போனில் பேசும்வரை பொருள் வீட்டைவிட்டு நகரக்கூடாது.

சீட்டு இரண்டே வகை: கொடை, இரவல். இரண்டு பிரதி எழுதி, ஒன்றை வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். கொடைச் சீட்டில் ‘எப்போதும் காட்சிக்கு வைக்க வேண்டும்’ போன்ற நிபந்தனையை ஏற்காதீர்கள், நிறைவேற்ற முடியாது. இரவலுக்கு ஒரு வருடம் கெடு, தேதியோடு. ‘நிரந்தர இரவல்’ என்று எழுதினால், கொடுத்தவர் காலமான பிறகு பொருள் யாருடையது என்ற வழக்குதான் மிஞ்சும். படிப்பகம் மூடப்பட்டால் பொருள் முதலில் குடும்பத்துக்கே போகும் என்ற வரியும் கட்டாயம்.

அவசரப் பணத்துக்காக ஒருவர் அப்பாவின் தொழிற்சங்க அட்டையை விற்க வந்தால் வாங்காதீர்கள். நெருக்கடியில் கொடுக்கும் சம்மதம் சம்மதமே இல்லை. 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, படத்தின் தரம் குறையாத டிஃப் (TIFF) கோப்பாகச் சேமித்து, அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். 1918-ல் சென்னை தொழிலாளர் சங்கம் பிறந்த பகுதி இது. இங்கே வேலைநிறுத்தப் பட்டியல்களும் வழக்குத் தாள்களும் வரும். அவற்றில் உள்ள வீட்டு முகவரி, பி.எஃப். எண்ணை மறைத்த பிரதியையே காட்சிக்கு வையுங்கள்.

கோயில் பொருள், எலும்பு, கல்வெட்டு, சிலை எதையும் வாங்காதீர்கள். நூறு வருடம் தாண்டிய கலைப்பொருளுக்கும் 75 வருடம் தாண்டிய முக்கியமான சுவடிக்கும் 1972-ம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் பொருந்தும். அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கண்டெடுத்தவர் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அதை நீங்கள் அலமாரியில் வைக்க முடியாது. தாள் இருக்கிறதே என்று நம்பிவிடவும் கூடாது. ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்ட நடராசர் சிலையை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல், முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டும் பொய்யான பூர்வீகத் தாள்களோடுதான் வாங்கியது. 2014-ல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது.

இனி பராமரிப்பு. பதிவு எண் 2025.7.2 என்றால் அந்த வருடத்தின் ஏழாவது கொடையாளர், அவர் தந்த இரண்டாவது பொருள். ஒரு மில் தொழிலாளியின் பித்தளை டோக்கனை எடுத்துக்கொள்ளுங்கள். கயிறு உரசி உரசி ஓட்டை ஒரு பக்கமாக நீண்டிருக்கும். பொறித்த எண்ணின் பள்ளத்தில் பழைய அழுக்கு கறுத்திருக்கும். அந்த மனிதரின் வேலைநாட்கள் தெரிவது அதில்தான். புளி போட்டுத் தேய்த்தால் எண்ணின் ஓரம் மழுங்கிவிடும், அழுக்கோடு தடயமும் போய்விடும். மெல்லிய பருத்தித் துணியால் தூசி தட்டினால் போதும். பதிவு எண்ணை எழுத, அசிட்டோனில் கரைத்த பேரலாய்ட் பி-72 என்ற நிறமற்ற பிசினை ஓரத்தில் ஒரு கோடு பூசி, காய்ந்ததும் பிக்மென்ட் மை பேனாவால் எண்ணை எழுதி, மேலே இன்னொரு பூச்சு. நெயில் பாலிஷ் வேண்டாம், மஞ்சளாகி உரியும்.

துணியில் எண் எழுதிய நாடாவைத் தைக்கலாம். போட்டோவின் பின்புற ஓரத்தில் 2பி பென்சில். பால்பாயின்ட் பேனாவின் அழுத்தம் முன்பக்கம் தெரியும். செலோடேப்பும் லேமினேஷனும் கூடவே கூடாது, லேமினேஷனைப் பிரித்தெடுக்க முடியாது.

கடற்காற்றில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும்; காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பூச்சி அரித்த வலை, துணியைப் பாலிதீனில் இறுக்கிக் கட்டி மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் உறையவிட்டு, வெளியே எடுத்த பின் 24 மணி நேரம் பையைத் திறக்காமல் வையுங்கள். உடனே திறந்தால் பொருள்மேல் நீர் கோத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் தண்ணீர் ஏறும் தெருவென்றால் கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள், பதிவேட்டின் நகல் மாடியில் இருக்கட்டும்.

குடும்பம் இரவலைத் திருப்பிக் கேட்டு வந்தால், காரணம் கேட்காமல் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கையில் இருக்கும் பிரதியிலும் கையெழுத்து வாங்குங்கள். பதிவேட்டில் அந்த வரியை அடிக்காமல், பக்கத்தில் திரும்பிய தேதியை எழுதுங்கள்.