கல்லீரல் புழுவும் பித்தநாளப் புற்றுநோயும்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

ஒட்டுண்ணி ஆய்வகத்துக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் வருஷா வருஷம் மாறுகிறார்கள். சறுக்கும் இடங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கையுறை போடாதது, ஸ்லைடில் எண் எழுத மறந்தது எல்லாம் ஒரு திட்டு வாங்கினால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் புழு என்று சொல்லாமல் பேசுவது

பாசியோலா ஹெபாட்டிகாவும் கல்லீரல் புழுதான். அது ஆடுமாடுகளில் வாழ்ந்து, நீர்த்தாவரங்கள் வழியாக மனிதருக்கு வருவது. அதற்கு மருந்து டிரைகிளாபென்டசோல். கீழே வரும் புழுக்களுக்குக் கொடுக்கும் பிரசிகுவான்டெல் மாத்திரை அதனிடம் பலிக்காது. புற்றுநோயோடு தொடர்பு உறுதியானவை வேறு இரண்டு. வடகிழக்குத் தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, தெற்கு வியட்நாம் பக்கம் ஒபிஸ்தோர்கிஸ் விவெரினி; சீனா, கொரியா, வடக்கு வியட்நாம் பக்கம் குளோனோர்கிஸ் சைனென்சிஸ். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முன்னதை 1994-லும் பின்னதை 2009-லும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. கீழே சொல்வது பெரும்பாலும் ஒபிஸ்தோர்கிஸ் பற்றி.

எலுமிச்சை புழுவைக் கொல்லாது

பச்சை மீனோடு பிசையும் மிளகாயும் கொல்லாது, கூடக் குடிக்கும் சாராயமும் கொல்லாது.

‘அதான் மாத்திரை இருக்கிறதே’

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். தாய்லாந்தின் ஈசான் பகுதிக் கிராமம் ஒன்றுக்கு விழிப்புணர்வுச் சுவரொட்டி எழுதச் சொல்லி ஒரு பயிற்சி கொடுத்திருந்தேன். கொய் பிளா என்ற பச்சை மீன் உணவு அங்கே பலர் விரும்பிச் சாப்பிடுவது. கெண்டை இனத்துச் சின்ன மீன்களை நறுக்கி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் சேர்த்துப் பிசைவார்கள். புழுவின் இளம்பருவம் அந்த மீனின் சதைக்குள் கூடு கட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு மாணவி அழகாக எழுதிக்கொண்டு வந்தாள்: ‘புழு வந்தால் பயம் வேண்டாம், ஒரே வேளை மாத்திரை போதும்!’

“இதைப் படித்த ஆள் அடுத்து என்ன செய்வார்?” என்று கேட்டேன்.

“மாத்திரை வாங்குவார், சார்.”

“அதற்கு முன்னால்?”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “மீன் சாப்பிடுவார்.”

அவ்வளவுதான் விஷயம். பிரசிகுவான்டெல் நல்ல மருந்து; உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற கணக்கில் ஒரே வேளை கொடுத்தாலே பெரும்பாலான புழுக்கள் செத்துவிடும். ஆனால் அது இன்று உள்ளே இருக்கும் புழுவைத்தான் கொல்லும், அடுத்த வாரம் விழுங்கப்போவதைத் தடுக்காது. ஒரு முறை தொற்று வந்துபோனால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி நிலைத்துவிடும் என்றும் நம்ப முடியாது. இந்தப் புழு மனித உடம்பில் பெருகுவதும் இல்லை. முட்டை மலத்தோடு நீரில் கலந்து, பித்தினியா நத்தைக்குள் வளர்ந்து, அப்புறம் மீனுக்குள் போய்த்தான் மறுபடி மனிதரிடம் வர முடியும். ஆகவே பித்தநாளத்தில், அதாவது கல்லீரலிலிருந்து பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் குழாயில், இருக்கும் ஒவ்வொரு புழுவும் ஏதோ ஒரு கவளம் மீனில் வந்தது.

புழு இருக்கும் காலமெல்லாம், அதாவது சிகிச்சை இல்லாவிட்டால் பத்து வருஷத்துக்கு மேலும், உறிஞ்சிகளால் நாளத்தின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. அதன் சுரப்புகள் செல்களைப் பெருகத் தூண்டுகின்றன. அழற்சி நீடித்து, நாளத்தைச் சுற்றித் தழும்பு படிகிறது. மாத்திரைக்குப் பிறகு அந்தத் தழும்பு கொஞ்சம் குறையலாம், பலருக்கு அப்படியே நிற்கும். அதன்மேல் புதுத் தொற்று, மறுபடி மாத்திரை, மறுபடி மீன். ஹாம்ஸ்டர்களுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று உண்டாக்கிப் பார்த்தபோது, பித்தநாளச் செல்களில் டிஎன்ஏ சேதம் கூடிக்கொண்டே போனது.

எனவே ‘நான் நாலைந்து தடவை மாத்திரை போட்டிருக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், நோயேட்டில் ‘சிகிச்சை பெற்றவர்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டாதீர்கள். நாலைந்து தடவை தொற்று வாங்கியவர் அவர். மற்றவர்களைவிட அவரைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சுவரொட்டியில் முதல் வரி மீனைப் பற்றியதாக இருக்க வேண்டும்: நன்றாக வேகவைக்கவும், அல்லது மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறையவைக்கவும். மாத்திரை கடைசி வரிக்குப் போகட்டும்.

முட்டை இல்லை, ஆகவே புழு இல்லை

குறைந்த எண்ணிக்கையில் புழு இருந்தால் ஒரே மலப் பரிசோதனையில் தப்பிவிடும். பித்தநாளம் அடைபட்டிருந்தால் முட்டை குடலுக்கே வந்து சேராது; புற்றுநோய் முற்றியவரிடம் முட்டை கிடைக்காமல் போவதில் அதிசயமில்லை. இதற்கு எதிர்த்தவறும் உண்டு. சில சிறுகுடல் தட்டைப்புழுக்களின் முட்டையும் கிட்டத்தட்ட இதே அளவு, இதே வடிவம். முட்டையின் மூடிக்குக் கீழே தோள்பட்டை போலத் துருத்தும் விளிம்பைப் பார்க்காமல் ‘ஒபிஸ்தோர்கிஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

பூனையை மறப்பது

பூனையும் நாயும் பச்சை மீன் தின்னும், அவற்றின் மலத்தோடும் புழுவின் முட்டை வெளியேறும். ஊர் முழுக்க மாத்திரை கொடுத்தாலும் சுழற்சி அறுவதில்லை.

புழு என்றாலே புற்றுநோய் என்று மிரட்டுவது

தொற்று உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் பல பத்தாண்டுகள் கழித்தே வருகிறது. மிரட்டினால் ஆள் அடுத்த முறை பரிசோதனைக்கே வரமாட்டார், அதுதான் நமக்கு நஷ்டம். ஏனென்றால் இந்தப் புற்றுநோய் தொடக்கத்தில் சத்தமே போடாது. கண் மஞ்சளாகி, உடம்பு அரித்து, எடை குறைந்து அவர் வரும்போது பல சமயம் அறுவை சிகிச்சைக்கான கட்டம் தாண்டியிருக்கும். உலகிலேயே இந்த நோய் மிக அதிகமாகப் பதிவான இடங்களில் ஒன்றான வடகிழக்குத் தாய்லாந்தின் கோன் கேன் வட்டாரத்தில், 40 வயது கடந்தவர்களுக்கு அறிகுறி இல்லாதபோதே அல்ட்ராசவுண்ட் எடுக்கிறார்கள். நாளத்தைச் சுற்றித் தழும்பு தெரிந்தால் மீண்டும் வரச் சொல்லித் தொடர்ந்து பார்க்கிறார்கள்.