எக்செலிலிருந்து வந்த ‘தியாடா’க்களைத் துடைப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஆலய உறுப்பினர் பட்டியல், தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவர் எழுதிய நோட்டில் தொடங்கி எக்செலுக்கு ஏறியது; போன மாதம் எஸ்கியூலைட் (SQLite) தரவுத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. இடையில் மூன்று செயலாளர்கள் மாறினார்கள். விவரம் தெரியாத இடத்தில் ஒருவர் ‘-’ போட்டார், அடுத்தவர் மலாயில் ‘தியாடா’ (இல்லை) என்று எழுதினார், மூன்றாமவர் 0 போட்டார். கட்டத்தை வெறுமையாக விட யாருக்கும் மனம் வரவில்லை! தரவுத்தளமோ ‘தியாடா’வையும் ஒரு கைப்பேசி எண்ணாகவே எடுத்துக்கொள்ளும்.

கணக்கு எப்படிக் கெடும் என்று பாருங்கள். மூன்று பேர் தலா 60 வெள்ளி (ரிங்கிட்) நன்கொடை தந்திருக்கிறார்கள், நான்காமவருக்கு ‘தியாடா’. சராசரி கேட்டால் எஸ்கியூலைட் அந்தச் சொல்லை 0 என எண்ணி 45 வெள்ளி என்கிறது. கட்டம் உண்மையில் காலியாக இருந்தால் அவரை விட்டுவிட்டு 60 என்று சொல்லும். அந்தக் காலி நிலைக்குப் பெயர் ‘நல்’ (NULL). தமிழ்க் காதுக்கு நல்ல பெயர்தான்.

தரவுத்தளத்தைத் திறந்து திருத்த டிபி பிரவுசர் (DB Browser) என்ற இலவச மென்பொருள் போதும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தருகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

படி 1: கோப்பை நகலெடுத்து வேறு பெயரில் வையுங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: என்னென்ன ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்.

செலக்ட் கைப்பேசி, கவுன்ட்(*) ஃப்ரம் உறுப்பினர் குரூப் பை கைப்பேசி;

எனக்கு ‘தியாடா’ இரண்டு வரிகளில் வந்தது. ஒன்றின் வாலில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டத்தான் கீழே டிரிம். பெயரே இல்லாத வெறுமையான வரியும் கண்ணில் படும்: எக்செலில் காலியாக இருந்த கட்டங்கள் சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக்கோப்பு) வழியாக வரும்போது பெரும்பாலும் ‘நல்’ ஆவதில்லை, வெற்றுச் சொல்லாகவே ('') வருகின்றன.

படி 3: ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாக முடிவெடுங்கள். கைப்பேசியில் 0 என்றால் குப்பை. சந்தாவில் 0 என்றால் மூத்தவர் ஒருவருக்குச் சந்தா விலக்கு தந்திருக்கலாம். கணினிக்கு இந்த வேறுபாடு தெரியாது. நான் பொருளாளரோடு தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒரு மாலை முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

படி 4: இனித் துடையுங்கள்.

அப்டேட் உறுப்பினர் செட் கைப்பேசி = நல் வேர் டிரிம்(கைப்பேசி) இன் ('-', 'தியாடா', '0', '');

‘ரீப்ளேஸ்’ கொண்டு ‘-’ குறியை நீக்க முயலாதீர்கள்; 05-இல் தொடங்கும் வீட்டுத் தொலைபேசி எண்களின் நடுக்கோடும் சேர்ந்து போய்விடும். முடிவைச் சரிபார்க்க ‘இஸ் நல்’ என்று கேளுங்கள். ‘= நல்’ என்றால் ஒரு வரியும் வராது. சரியாக இருந்தால் ‘ரைட் சேஞ்சஸ்’ பொத்தானை அழுத்திச் சேமியுங்கள், இல்லாவிட்டால் ‘ரிவர்ட் சேஞ்சஸ்’ அழுத்தி மாற்றத்தைக் கைவிடுங்கள்.

படி 5: பிறந்த தேதி. எங்கள் பட்டியலில் பலர் 01/01/1900-இல் பிறந்திருந்தார்கள். எக்செலின் நாள்கணக்கு தொடங்கும் நாள் அது. இவற்றையும் ‘நல்’ ஆக்கிவிட்டு, அடையாள அட்டை எண்ணைப் பாருங்கள்: முதல் ஆறு இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள். 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களுக்கு மட்டும் கவனம் வேண்டும். எண் 0-இல் தொடங்கியிருந்தால் எக்செல் முன்னால் உள்ள சுழியங்களை விழுங்கி, 12 இலக்க எண்ணை 11 அல்லது அதற்கும் குறைவான இலக்கமாக்கியிருக்கும்.

மிஞ்சிய காலிக் கட்டங்களை அச்சிட்டு வெள்ளிக்கிழமை பூசைக்குக் கொண்டுபோனேன். பலர் எண்ணைச் சொன்னார்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி மட்டும், தாம் கைப்பேசி வைத்துக்கொண்டதே இல்லை என்றார். அவருடைய வரியில் ‘தியாடா’தான் சரியாக இருந்திருக்கிறது. அவருக்காக ‘கைப்பேசி உண்டா’ என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் ‘இல்லை’ என்று எழுதினேன்.