விருந்து மேசைக்கு வீட்டார் கைவேலை: முதல்முறை செய்பவர்களுக்கான செய்முறை

சுவரில் மாட்டும் கைவேலைக்கும் சாப்பாட்டு மேசையில் வைக்கும் கைவேலைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. சுவரில் இருப்பதை யாரும் தொடுவதில்லை. மேசையில் இருப்பதன் மீது தண்ணீர் சிந்தும், முழங்கை இடிக்கும், சூடான பாத்திரத்தின் ஆவி படும், குழந்தை எடுத்து வாயில் வைக்கும். இவற்றைத் தாங்காத எதையும், எவ்வளவு அழகாக இருந்தாலும், விருந்து மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கட்சி. ஜிகினாத் தூளை இப்போதே எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள். அது ஒட்டிய இடத்தில் நிற்காது, தட்டுக்குள்தான் போய்ச் சேரும்.

விடுமுறை நாள் விருந்துக்கு நான்கு பொருள்கள் போதும்: வீட்டார் ஒவ்வொருவரின் உள்ளங்கையையும் பெயிண்டில் பதித்து மேசையின் நடுவே நீளவாக்கில் போடும் கை அச்சு விரிப்பு, பெயர் அட்டையும் அதைத் தாங்கும் உப்பு மாவுக் கட்டையும், துணி நாப்கினைச் சுருட்டிச் செருகும் வளையம், கண்ணாடிப் பாட்டில் விளக்கு. இதற்கு மேல் வைத்தால் சாப்பாட்டுக்கு இடம் இருக்காது.

எதை முதலில் செய்வது என்பதை உலரும் நேரம்தான் தீர்மானிக்கிறது. உப்பு மாவு உலர நாள் கணக்கில் ஆகும், விரிப்பின் பெயிண்டுக்கு ஒரு முழு நாள் வேண்டும், பாட்டில் விளக்குக்குச் சில மணி நேரம் போதும். ஆகவே விருந்துக்கு ஒரு வாரத்துக்கும் மேல் இருக்கும்போதே மாவைப் பிசைந்துவிடுங்கள். அன்றைக்கே விரிப்புத் துணியையும் துவைத்துக் காயப் போடுங்கள். பெயர் அட்டையைக் கடைசி நாளில் எழுதலாம். யார் வருகிறார்கள் என்பது அப்போதுதான் உறுதியாகத் தெரியும்.

உப்பு மாவுக் கட்டை

ஒரு கப் மைதா, அரை கப் தூள் உப்பு, அரை கப்பிற்குச் சற்றுக் குறைவான தண்ணீர். கல் உப்பு வேண்டாம், பரப்பு சொரசொரப்பாகிவிடும். முதலில் மாவையும் உப்பையும் உலர்வாகவே கலந்துகொண்டு, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் ஒரு சிட்டிகை மாவு, வெடித்தால் சில துளி தண்ணீர். ஐந்து நிமிடமாவது விடாமல் பிசைந்தால்தான் வழவழப்பு வரும். குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்பதால் அந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம்.

இந்த அளவில் சுமார் 360 கிராம் மாவு கிடைக்கும். 30 கிராம் உருண்டைகளாகப் பிரித்தால் 12 கட்டைகள் வரும். ஒவ்வோர் உருண்டையையும் 5 செ.மீ. நீளமுள்ள கட்டையாக்கி, அடிப்பாகத்தைத் தட்டையாக அழுத்துங்கள். மேற்புறம் எந்த வடிவத்திலும் இருக்கலாம்: இலை, மீன், மலை, வீட்டு நாய், எதுவென்று சொல்லவே முடியாத ஒன்று. அந்தக் கடைசி வகையைத் திருத்தாதீர்கள். அடிப்பாகம் ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இனி அட்டை நிற்பதற்கான பிளவு. அட்டைத் துண்டு இரண்டைச் சேர்த்துப் பிடித்து, கட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரு செ.மீ. ஆழத்திற்கு அழுத்தி எடுங்கள். ஓர் அட்டையால் மட்டும் அழுத்தினால், மாவு காய்ந்து சுருங்கும்போது பிளவு இறுகி அட்டை நுழையாது.

உலர்த்த இரண்டு வழிகள். ஓவன் இருந்தால் 100 டிகிரி செல்சியஸில் இரண்டு முதல் மூன்று மணி நேரம், பாதியில் ஒருமுறை திருப்பிப் போட்டு. அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் மேற்புறம் உப்பி வெடிக்கும். ஓவன் இல்லையென்றால் காற்றோட்டமான இடத்தில் கம்பி வலைத் தட்டின் மேல் வைத்து, தினமும் திருப்பிவிடுங்கள். கனத்தைப் பொறுத்து நான்கு நாள் முதல் ஒரு வாரம் வரை ஆகலாம். காய்ந்துவிட்டதா என்று அறிய, கட்டையின் அடியில் விரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வண்ணம் தீட்ட அக்ரிலிக் பெயிண்ட் நல்லது. வாட்டர் கலரில் தண்ணீர் அதிகம், காய்ந்த மாவை மறுபடி ஊற வைத்துவிடும். வண்ணம் உலர்ந்ததும் வார்னிஷ் இரண்டு பூச்சு, பிளவின் உள்ளேயும் அடியிலும் விடாமல். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பூச்சு இல்லாத இடம் வழியாக ஈரம் ஏறி, கட்டை வியர்த்து, அட்டையும் நனைந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பார்க்க பிஸ்கட் போல இருந்தாலும் இதில் உள்ள உப்பின் அளவு மிக அதிகம். சிறு குழந்தைகள் கடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாய்க்கு இது நஞ்சு, பிசைந்த மாவும் சரி, காய்ந்த கட்டையும் சரி. உலரும் தட்டை நாய்க்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

கை அச்சு விரிப்பு

நான்கில் இதற்குத்தான் உங்கள் நேரத்தை அதிகம் கொடுக்கச் சொல்வேன். மற்றவை ஒரு விருந்தோடு முடிந்து போகலாம், இது பல ஆண்டுகளுக்கு வரும்.

முதலில் அளவு. மேசையின் நீளத்தோடு 30 செ.மீ. சேர்த்துக்கொள்ளுங்கள், இரு முனையிலும் 15 செ.மீ. தொங்கட்டும். அகலத்தை அழகு பார்த்து முடிவு செய்யாமல் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். பெரிய சாப்பாட்டுத் தட்டு ஏறக்குறைய 27 செ.மீ. விட்டம் இருக்கும். மேசை விளிம்பிலிருந்து விடும் இடைவெளியையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 30 செ.மீ. போகும், இரு பக்கத்துக்கு 60. மேசை 90 செ.மீ. அகலம் என்றால் நடுவில் மிஞ்சுவது 30 செ.மீ. விரிப்பு அந்த அளவைத் தாண்டினால் தட்டு அதன் மேல் ஏறி உட்காரும், பதித்த கைகளெல்லாம் மறைந்துவிடும்.

வெளிர் நிறப் பருத்தித் துணி எடுங்கள். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது பெயிண்டைத் துணிக்குள் இறங்க விடாது. பருத்தி முதல் துவைப்பில் சுருங்கவும் செய்யும். எனவே வெட்டுவதற்கு முன்பே சோப்பில் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். வெட்டும்போது ஓரத்தில் ஒரு நூலை மட்டும் பிடித்து இழுத்தால் துணியில் நேர்க்கோடு ஒன்று விழும். அந்தக் கோட்டின் வழியே கத்தரித்தால் ஸ்கேலே தேவையில்லை. இரு முனைகளிலும் குறுக்கு நூல்களை இரண்டு செ.மீ. வரை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் குஞ்சம் தானாக வந்துவிடும். நீண்ட பக்கங்களை மட்டும் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட், துணிக்கென்று விற்கும் தண்ணீர் கலந்த வகையாக இருக்கட்டும். புட்டியில் நச்சற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அல்லது மூன்று நிறங்கள் போதும். ஆளுக்கொரு நிறம் என்று ஆரம்பித்தால் கடைசியில் விரிப்பு நிற அட்டவணையாகிவிடும்.

துணிக்கு அடியில் பழைய போர்வையை மடித்து விரியுங்கள், பெயிண்ட் ஊடுருவும். பிறகு:

1. உள்ளங்கையில் பெயிண்டை ஸ்பாஞ்சால் மெல்லியதாக ஒற்றுங்கள். தட்டில் ஊற்றிக் கையை முக்கினால் ரேகையெல்லாம் அடைந்து வெறும் திட்டுதான் விழும்.

2. முதல் அச்சு காகிதத்தில். அதிகப்படியான பெயிண்ட் அதிலே போய்விடும், அச்சு எப்படி விழுகிறது என்றும் தெரியும்.

3. விரல்களை விரித்துத் துணியில் வைத்ததும், இன்னொருவர் ஒவ்வொரு விரலையும் மேலிருந்து மெதுவாக அழுத்தட்டும். உள்ளங்கையின் நடுக்குழியை மறக்க வேண்டாம், பெரும்பாலும் அந்த இடம்தான் விட்டுப்போகும்.

4. கையை நேராக மேலே தூக்குங்கள். பக்கவாட்டில் இழுத்தால் தீற்றிவிடும். பெயிண்ட் தோலில் காய்வதற்குள் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கைக்குழந்தையிடம் இந்த முறை பலிக்காது. உள்ளங்கையைத் தொட்டாலே விரல்கள் மடங்கிக்கொள்ளும், அது பிறவியிலேயே வரும் அனிச்சைச் செயல். பாதத்தின் அச்சை எடுங்கள், அது சுலபம். எழுந்து வர முடியாத பெரியவர்களை மேசைக்கு அழைக்க வேண்டாம். ஒரு பலகையில் துணியின் அந்தப் பகுதியை விரித்து அவர் மடிக்குக் கொண்டுபோங்கள். கை நடுங்கினால் அச்சும் கொஞ்சம் கலங்கும். கலங்கட்டும், அதுதானே அவர் கை.

விருந்துக்கு வர முடியாதவர்களையும் விட வேண்டாம். காகிதத்தில் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். அதைத் துணியில் படியெடுத்து வண்ணம் நிரப்பலாம். கைப்பேசியில் படம் அனுப்புபவர் கைக்கு அருகில் ஸ்கேல் ஒன்றை வைத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உண்மையான அளவு தெரியாது.

ஒவ்வோர் அச்சின் கீழும் பெயரையும் ஆண்டையும் துணிக்கான பேனாவால் சின்னதாக எழுதுங்கள். கைகளை நெருக்கி அடைக்காமல் மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விட்டுவையுங்கள். குழந்தைகளின் கை வளரும், வீட்டுக்குப் புதிய கைகளும் வரும்.

24 மணி நேரம் உலர்ந்த பிறகு, துணியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் ஆவியில்லாத சூட்டில் இஸ்திரி போடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூன்று முதல் ஐந்து நிமிடம், பெட்டியை நகர்த்திக்கொண்டே. இந்தச் சூட்டில்தான் நிறம் துணியில் நிலைபெறும். உங்கள் பெயிண்ட் புட்டியில் வேறு நேரம் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். பிறகு சில நாள் துவைக்காமல் இருப்பது நல்லது.

வளையம், சுருக்கமாக

டிஷ்யூ பேப்பர் சுற்றி வரும் அட்டைக் குழல்களைச் சேர்த்துவையுங்கள். குழலுக்குள் சுருட்டிய செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு அறுத்தால் நசுங்காது. 3.5 செ.மீ. அகல வளையமாகப் பெரியவர்கள் அறுத்துக் கொடுங்கள். இரண்டு மி.மீ. தடிமனுள்ள சணல் நூல் ஒரு வளையத்துக்கு ஏறக்குறைய இரண்டரை மீட்டர் பிடிக்கும். நூலின் நுனியை உட்புறம் ஒட்டிவிட்டு, வெளிப்பக்கம் மெல்லப் பசை தடவி, இடைவெளி தெரியாமல் சுற்றி, மறுநுனியையும் உள்ளே ஒட்டுங்கள். மேலே மணி ஒட்டும் ஆசை வரும். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை மேசையில் இருந்தால் வேண்டாம்.

பாட்டில் விளக்கு

விருந்து மேசையின் நடுவே வைக்கும் எதுவும் 30 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிரில் இருப்பவரை எட்டிப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கும். 10 முதல் 15 செ.மீ. உயரமுள்ள வாயகன்ற பாட்டில்களே சரி.

லேபிளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து உரித்துவிட்டு, மிச்சமுள்ள பிசுக்கில் சமையல் எண்ணெய் தேய்த்துச் சற்று நேரம் விடுங்கள். வழித்து எடுத்தபின் சோப்பால் நன்றாகக் கழுவ வேண்டும், எண்ணெய்ப் பசை மிஞ்சினால் எதுவும் ஒட்டாது. வெள்ளைப் பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்து பாட்டிலின் வெளிப்புறம் தடவி, இரண்டு மூன்று செ.மீ. துண்டுகளாகக் கிழித்த வண்ண டிஷ்யூத் தாளை ஒன்றின் மேல் ஒன்று சற்று ஏறும்படி ஒட்டுங்கள். மேலே இன்னொரு பூச்சு பசை. ஈரத்தில் வெண்மையாகத் தெரிந்தாலும் காய்ந்ததும் பசை கண்ணாடி போலத் தெளிந்துவிடும். மஞ்சள், ஆரஞ்சு, வெளிர் சிவப்புத் தாள்கள் வெளிச்சத்தை நன்றாக விடும். கருநீலம் விளக்கையே விழுங்கிவிடும்.

உள்ளே மெழுகுவத்தி வேண்டாம், வெளியே காகிதம் இருக்கிறது. பேட்டரியில் எரியும் சிறு எல்இடி விளக்கை வையுங்கள். அவற்றில் பல பொத்தான் அளவு பேட்டரியில் எரிபவை. அந்த பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி உள்ள விளக்கையே வாங்குங்கள்.

கடைசி நாள்: பெயர் அட்டை

200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தடிமனுள்ள ஏ4 அட்டை ஒன்றை நான்குமுறை பாதி பாதியாக வெட்டினால் 7.4 செ.மீ.க்கு 5.2 செ.மீ. அளவில் 16 அட்டைகள் கிடைக்கும். பெயரை இரண்டு பக்கமும் எழுதுங்கள். உட்காருபவருக்குத் தன் பெயர் தெரியும், எதிரில் இருப்பவருக்குத்தான் அது பயன்படும். அட்டையின் கீழ் ஒரு செ.மீ. பிளவுக்குள் போய்விடுமாதலால் எழுத்தை மேலே தள்ளி எழுதச் சொல்லுங்கள். நீளமான பெயரைப் பென்சிலில் எழுதிப் பார்த்துவிட்டு மையில் எழுதுவது நல்லது, கடைசி எழுத்து விளிம்பில் நெரிபடாது. எழுதத் தெரியாத குழந்தை அந்த ஆளையே வரையட்டும். மாமாவின் மூக்கு பெரிதாக வந்தாலும் அவர் இடத்தை அவர் கண்டுபிடித்துவிடுவார்.

மேசையில் ஆளுக்கு 60 செ.மீ. அகலம் ஒதுக்கி, முதலில் விரிப்பு, அதன் மேல் விளக்குகள், பிறகு தட்டு, தட்டின் மேல் வளையத்துடன் நாப்கின், தட்டுக்கு முன்னே கட்டையும் அட்டையும் என்று வையுங்கள். பரிமாறும் பாத்திரங்களை ஒருமுறை காலியாகவே வைத்துப் பாருங்கள். இடம் போதவில்லை என்றால் எடுக்க வேண்டியது விளக்கில் ஒன்றை.

விருந்து முடிந்ததும் விரிப்பில் பட்ட கறையை அன்றிரவே குளிர்ந்த நீரில் அலசிவிடுங்கள், வெந்நீரில் சில கறைகள் படிந்துவிடும். மாவுக் கட்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஏதாவது ஒன்று நசநசத்துப் போயிருந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள், புதிதாகச் செய்ய அரை கப் உப்புதான் செலவு. பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டால் தாள் உரிந்து வந்துவிடும்.