நாக்கு நீலமாக இருந்தால் என்ன செய்வது

பிறந்த குழந்தையின் கையும் காலும் மட்டும் நீலமாக இருந்தால் பதற வேண்டாம், முதல் ஓரிரு நாள் அப்படி இருப்பது சகஜம். நாக்கைப் பாருங்கள். நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தால், வலது கையிலும் ஒரு காலிலும், ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 90க்குக் கீழே காட்டினால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும், எக்கோ என்ற இதய ஸ்கேனும் எடுக்க வேண்டும். குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறதே, பால் குடிக்கிறதே என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.

இப்படி நாக்கு நீலமாவதற்கு டி.ஜி.ஏ. என்று ஒரு காரணம் இருக்கிறது. இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறிப் பிறப்பது. நுரையீரலுக்குப் போன ரத்தம் திரும்பவும் நுரையீரலுக்கே போகும், உடம்புக்குப் போனது உடம்புக்கே, அதனால் எவ்வளவு ஆக்சிஜன் வைத்தாலும் நீலம் பெரிதாகக் குறையாது. இரண்டும் கலக்க ஒரு வழி வேண்டும். கருவில் இருக்கும்போது திறந்திருந்த டக்டஸ் என்ற சின்னக் குழாய் அந்த வழிகளில் ஒன்று, ஆனால் பிறந்த சில நாளில் அது தானாகவே மூடிக்கொள்ளும்.

அதை மூடவிடாமல் வைக்கும் மருந்துதான் ப்ராஸ்டாக்ளாண்டின். பல இடங்களில் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.05 மைக்ரோகிராமில் தொடங்கி, டக்டஸ் திறந்ததும் 0.01 வரை குறைப்பார்கள். ரத்தத்தில் சில நிமிடம்தான் நிற்கும் என்பதால் சிரிஞ்ச் பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்புகிறார்கள் என்றால் ஏறுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: பம்பில் பேட்டரி இருக்கிறதா, இன்னொரு ஊசி வழி போட்டாயிற்றா, மூச்சு நின்றால் மூச்சுக்குழாயில் டியூப் போடத் தெரிந்தவர் கூட வருகிறாரா? கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் இந்த மருந்தே சில குழந்தைகளுக்கு மூச்சை நிறுத்திவிடும். காய்ச்சலும் வரலாம்.

மருந்து போதவில்லை என்றால் தொடை அல்லது தொப்புள் ரத்தக்குழாய் வழியே பலூன் விட்டு, இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவரில் ஓட்டையைப் பெரிதாக்குவார்கள், ராஷ்கிண்ட் என்ற டாக்டர் 1966இல் காட்டிய வழி அது. அப்புறம் ஸ்விட்ச் ஆபரேஷன்: இரண்டு குழாயையும் வெட்டி இடம் மாற்றி, இதயத்துக்கே ரத்தம் தரும் நூல் போன்ற கொரோனரிகளையும் பெயர்த்துத் தைப்பார்கள். கீழறைச் சுவரில் ஓட்டை இல்லாத குழந்தைக்கு இதை முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது, தள்ளிப்போட்டால் இடது கீழறை பலம் இழந்துவிடும். நாள் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு எடுத்துப் போங்கள். அம்மா வேறு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் பாலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கட்டும், பிறகு தேவைப்படும்.

ஆபரேஷன் முடிந்து ஓரிரு நாள் சிலருக்கு நெஞ்சைத் தைக்காமல் மேலே மூடி மட்டும் வைத்திருப்பார்கள், வீக்கம் வடியட்டும் என்று. முதல் தடவை பார்க்கப் பாட்டியை அனுப்பாதீர்கள்.