ஐந்து மில்லிமீட்டருக்கு முன் எட்டுச் சுற்று

சிங்கப்பூரின் அப்பர் தாம்சன் சாலையில் பந்தயக் கார்கள் சீறிய காலம் 1973-ஓடு முடிந்துவிட்டது. மரினா பே தெருத்தடம் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்களுக்கு. வார நாளில் வேலை, வாரக் கடைசியில் பந்தய ஆசை என்று இருக்கும் நாம் முக்கால் டேங்குக்குக் குறையாத பெட்ரோலோடு இருட்டிலேயே துவாஸ் பாலத்தைத் தாண்டி, மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடம் வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போக வேண்டும். அவ்வளவு தூரம் போய் இறங்கிய பிறகு கார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் மனசு ஆறாது.

என்னுடையது 1.5 லிட்டர் ஹோண்டா ஜாஸ். செப்பாங்கின் ஐந்தாவது, ஆறாவது வளைவுகளில் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. அண்டர்ஸ்டீர். பின்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஒரே குறுக்குச் சட்டம் இணைக்கும் டார்ஷன் பீம் என்பதால், அங்கே கேம்பரையோ (சக்கரம் உள்ளே, வெளியே சாய்ந்து நிற்கும் கோணம்) டோவையோ (சக்கரம் இடம், வலம் திரும்பி நிற்கும் கோணம்) தொட வழியில்லை. முன் சக்கரங்களுக்கு 5 மில்லிமீட்டர் ஸ்பேசர், அதாவது சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தும் உலோகத் தட்டு, போடலாம் என்று முடிவு செய்தது அப்படித்தான்.

ஸ்பேசர் என்ன செய்யும் என்பதைக் கணக்கோடு பாருங்கள். வளைவில் உள்பக்க டயரிலிருந்து வெளிப்பக்க டயருக்கு எடை தாவும். இரண்டு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் கூடினால் தாவும் எடை குறையும், அந்த அச்சுக்குப் பிடி கூடும். ஜாஸின் முன் அகலம் சுமார் 1.5 மீட்டர். பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 10. ஒரு சதவீதம்கூட இல்லை! இன்னொரு பக்கம், சக்கரம் வெளியே போவதால் ஸ்பிரிங்கின் மேல் அதன் நெம்புகோல் நீளுகிறது. அதே ஸ்பிரிங் கொஞ்சம் மெத்தென்று நடந்துகொள்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் மூக்கை உள்ளே இழுக்கின்றன. அழகுக்காகப் பின்பக்கம் மட்டும் ஸ்பேசர் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். முன்சக்கர இழுவைக் காரில் அது பின் டயரின் பிடியைக் கூட்டி அண்டர்ஸ்டீரை வளர்க்கத்தான் செய்யும்.

இவ்வளவு சிறிய மாற்றம் என்பதால் இதைக் கடைசியில் தொடுங்கள். முதலில் டயர் காற்று, அடுத்து முன் கேம்பர். இரண்டையும் சரிசெய்யாமல் ஸ்பேசர் வாங்குவது காசுக்குக் கேடு.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். முதல் தடவை ஒரு கடையில் 10 மில்லிமீட்டர் ஸ்பேசரை மாட்டிக்கொடுத்தார்கள், சக்கர நட் ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டை மாற்றவில்லை. மூன்றாவது ஓட்டத்தில் ஸ்டீயரிங் நடுங்கியது. தடத்தின் ஓரத்தில் கார்களை நிறுத்தும் பிட்டுக்குள் வந்து பார்த்தால் இடது முன் சக்கரத்தில் இரண்டு நட்டுகள் விரலாலேயே சுழன்றன. கழற்றும்போது எண்ணினேன்: நாலரைச் சுற்று. நாலரைச் சுற்று மரையை நம்பி நேர்பாதையின் கடைசியில் பிரேக்கை மிதித்திருக்கிறேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை.

கணக்கு எளிது. ஹோண்டா ஸ்டட் 12 மில்லிமீட்டர் தடிமன், மரை இடைவெளி 1.5. ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட் உள்ளே ஏற வேண்டும். அதாவது முழுதாக எட்டுச் சுற்று. 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் அதில் மூன்று சுற்றுக்கு மேல் விழுங்கிவிடும். ஆகவே நீள ஸ்டட் போடுங்கள். அத்துடன் முனை திறந்த நட் வாங்குங்கள். முனை மூடிய நட்டில் நீள ஸ்டட் உள்ளே போய் முட்டிக்கொண்டால், இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் 'க்ளிக்' என்று சொல்லும், சக்கரமோ தளர்ந்தே இருக்கும். ஹோண்டாவின் சொந்த ரிம்முக்கு உருண்டை அடி நட், வெளியில் வாங்கும் ரிம்முக்குப் பெரும்பாலும் கூம்பு நட். மாற்றிப் போடவே கூடாது.

ஸ்பேசரின் நடுத்துளை, சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்போடு பொருந்த வேண்டும், ஜாஸுக்கு 56.1 மில்லிமீட்டர். ஹப்பின் நடு விளிம்பை ஸ்பேசர் முழுக்க மறைத்துவிட்டால், தனக்கென்று விளிம்பு கடைந்த ஸ்பேசராகப் பாருங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்காதீர்கள். பந்தய ஏற்பாட்டாளர் ஸ்பேசரை அனுமதிக்கிறாரா என்று காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாட்டும்போது ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளி மாதிரி தேயுங்கள். நம் ஊர் ஈரத்தில் துரு சீக்கிரம் படியும். நடுவில் ஒரு செதில் துரு இருந்தாலும் ஸ்பேசர் சாய்ந்து உட்காரும். ஸ்டட்டுக்கு எண்ணெய், கிரீஸ் வேண்டாம். நட்டுகளை எதிரெதிராக, முதலில் கையால், பிறகு காரைத் தரையில் இறக்கி டார்க் ரெஞ்சால் இரண்டு தவணையாக 108 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். இது ஹோண்டாவின் அளவு, மற்றக் கார்களுக்குக் கையேட்டைப் பாருங்கள். நட்டிலிருந்து ரிம்முக்கு வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். நட் நகர்ந்தால் கோடு உடைந்து காட்டும். பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயர் அதற்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டில் உரசுகிறதா என்று பாருங்கள்.

முதல் ஓட்டம் மெதுவாக. உள்ளே வந்ததும் சக்கரம் ஆறட்டும், ஆறிய பிறகு மறுபடி இறுக்கம் பாருங்கள். டயர் காற்றையோ வேறெதையுமோ அன்று மாற்றாதீர்கள். மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். எனக்கு ஐந்தாவது வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய அளவு கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் ஸ்டீயரிங் கனத்தது, வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் கை இழுத்தது. டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து வெளியே நகர்ந்ததன் விளைவு இது. செப்பாங்கில் மதியத்துக்கு மேல் மழை கொட்டும். ஒரு பக்க டயர் தேங்கிய தண்ணீரிலும் மறுபக்கம் காய்ந்த தாரிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால் இந்த இழுப்பு பலமாகத் தெரியும். வானம் கறுத்தால் நான் ஸ்பேசரைக் கழற்றிவிடுகிறேன். சக்கரத் தாங்கியின் (பேரிங்) மேலும் பளு கூடுவதால் அடிக்கடி ஜாக்கில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன்.

சாலையில் டயர் ஃபெண்டரைத் தாண்டி நிற்கக் கூடாது. ஸ்பேசரோடு சாலைக்கு வர நினைப்பவர்கள் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படியுங்கள். என் ஸ்பேசர்கள் சாலையைப் பார்ப்பதில்லை. மாலையில் பிட்டிலேயே இரண்டையும் கழற்றி, துடைத்து, பழைய பிஸ்கட் டின்னில் வைத்து, நட்டுகளை மறுபடி 108-க்கு இறுக்கி, புதுக் கோடு போட்டுவிட்டுத்தான் தெற்கே கிளம்புகிறேன்.