குரோஷா சொற்கள்: அகராதியைக் கடைசியில் திறவுங்கள்

மொழிபெயர்ப்புப் படிப்பில் ஒரு பொழுதுபோக்கின் கலைச்சொற்களைத் திரட்டச் சொன்னால், எடுத்த எடுப்பில் அகராதிக்குப் போகாதீர்கள். கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷாவையே (ஆங்கிலத்தில் 'குரோஷே') எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 'சிங்கிள் குரோஷே' என்பதைத்தான் பிரிட்டனில் 'டபுள் குரோஷே' என்கிறார்கள். அமெரிக்க 'டபுள்' அங்கே 'டிரெபிள்'. பெயர் ஒன்றுதான், தையலின் உயரம் வேறு. கவனிக்காமல் விட்டால் குழந்தைக்குப் பின்னிய தொப்பி அப்பா தலைக்குத்தான் பொருந்தும்!

பின்னல் செய்முறைக் குறிப்பில் 'சிங்கிள்' என்று வந்தால் அது அமெரிக்க முறை என்று எடுத்துக்கொள்ளலாம். இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. சந்தேகம் தீரவில்லையா, தையல்களைக் குறிகளால் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். பெருக்கல் அல்லது கூட்டல் குறி என்றால் குட்டைத் தையல், அதாவது அமெரிக்க 'சிங்கிள்'. 'டி' எழுத்தின் தண்டில் ஒரு சாய்கோடு இருந்தால் ஊசியில் நூலை ஒருமுறை சுற்ற வேண்டும்; இரண்டு கோடு என்றால் இரண்டு சுற்று. குறிகளில் இந்தப் பெயர்ச் சண்டை கிடையாது.

அப்புறம், பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்குப் பக்கத்திலும் கை என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். "நூலைச் சுற்று, துளையில் விட்டு இழு" என்ற அளவில் போதும். அதை உல்லன் நூல் கடையிலோ, பின்னத் தெரிந்த அத்தையிடமோ காட்டிக் கேளுங்கள். சங்கிலிபோல் வரும் தையலை அவர்கள் 'செயின்' என்றால் செயின் என்றே வையுங்கள். நாமாக 'கண்ணித்தொடர்' என்று உருவாக்கினால் பின்னுகிறவர்களுக்கே புரியாது. ஊசி அளவை மட்டும் மில்லிமீட்டரில் எழுதுங்கள், ஊசிக்குத் தரும் மற்ற அளவு எண்கள் நாட்டுக்கு நாடு மாறும்.