பற்றாக்குறையா, குறைபாடா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேண்டிய அளவு இல்லையென்றால் பற்றாக்குறை. இருப்பதில் கோளாறு என்றால் குறைபாடு. நிதிப் பற்றாக்குறை, பார்வைக் குறைபாடு என்று எழுதும்போது யாரும் தடுமாறுவதில்லை, சிக்கல் நடுவில்தான். நுகர்வோர் வழக்குகளில் வருவது 'சேவைக் குறைபாடு'. சேவை கிடைத்தது, ஒழுங்காகக் கிடைக்கவில்லை என்பதே புகார். அதைச் 'சேவைப் பற்றாக்குறை' என்றால் வழக்கின் பொருளே மாறிவிடும். 'இரும்புச்சத்துக் குறைபாடு' அளவைப் பற்றியதுதான் என்றாலும் மருத்துவத்தில் நிலைத்துவிட்ட வழக்கு. அதைத் திருத்தப் போக வேண்டாம்.

செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை, 'போதிய மழை பற்றாக்குறையால் பயிர் கருகியது'. 'போதிய' இருந்தால் 'இல்லாததால்' வர வேண்டும். பற்றாக்குறை வேண்டுமென்றால் 'போதிய' போக வேண்டும். 'போதிய மழை இல்லாததால்', 'மழைப் பற்றாக்குறையால்' இரண்டும் சரி. ஒற்று விஷயத்தில், குடிநீர்ப் பற்றாக்குறைக்கு 'ப்' உண்டு. ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கிடையாது, ஆசிரியர் உயர்திணை.

பேச்சில் 'பத்தாது' என்பது எழுத்தில் 'பற்றாது' ஆகும். ஆகவே 'பத்தாக்குறை' பிழை. ஆனால் பற்றுவதற்குத் தீப்பிடித்தல் என்ற பொருளும் உண்டே! 'இந்த விறகு பற்றாது' என்றால் விறகு ஈரமா, அளவு குறைவா? அளவைச் சொல்வதானால் 'போதாது' என்றே எழுதிவிடுங்கள்.

'போதாது' நேற்றைய கதைக்கு ஒத்துவராது. 'நேற்று வடித்த சோறு ஐம்பது பேருக்குப் போதவில்லை' என்பதே சரி. ஆட்களைச் சொன்னாலும் வினை மாறாது: 'நான்கு மருத்துவர்கள் போதாது'. 'போதமாட்டார்கள்' தமிழில் இல்லை.

'போதாக்குறைக்கு' என்பதில் குறை இருந்தாலும் அது குறையைச் சொல்லும் சொல் அல்ல. 'ஏற்கெனவே கடன், போதாக்குறைக்கு மாடும் செத்துப்போயிற்று' என்று இருக்கும் தொல்லையோடு இன்னொன்றைச் சேர்க்கும். 'நிதி போதாக்குறைக்குப் பணி நின்றது' தவறு. 'நிதி போதாததால்' என்க. நல்ல செய்தியோடு சேர்த்தால் குத்தலாக ஒலிக்கும். 'முதல் மதிப்பெண், போதாக்குறைக்குப் பரிசும் வாங்கினாள்' என்று வாழ்த்து மடலில் எழுதிவிடாதீர்கள், 'அதோடு' போதும்.

யாழ்ப்பாணத்திலும் நெல்லையிலும் 'சம்பளம் காணாது' என்றால் போதாது என்று பொருள். அந்த வழக்கு தெரியாதவர் அதைப் பிழையென்று அடித்து, 'சம்பளத்தைக் காணோம்' என்று திருத்தினால் பணம் தொலைந்துபோனதாகிவிடும்.